நந்தியாவட்டையும் நாமும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை. முற்றங் கூட்டிக்கொண்டிருந்த எம் அன்னையார் ஈர்க்குமாற்றை நிலத்தில் ஊன்றிக்கொண்டு எம்மை அழைத்தார்.

"தம்பி, இஞ்சை வந்து பார். ஆர் இதிலை மிளகைக் கொட்டினது?"

சென்று பார்த்தோம். நந்தியாவட்டையின் அடியிலே ஈரமண்ணின்மேல் கரிய மணிகள் சிதறிக் கிடந்தன. மிளகின் பருமன், மிளகைப் போலவே மேற்புறத்தில் வரிகளும் இருந்தன. ஒன்றை எடுத்துப் பார்க்கலாம் என்று குனிந்தோம்.

"எடுக்காதை. அது புழுவின்ரை எச்சம். மேலை பார்."

விடையை அறிந்துகொண்டுதான் வினாவியிருக்கிறார். வகுப்பிலே மாணவரை நாம் மடக்குகின்ற முறை அது. எங்கிருந்து அதனைக் கற்றோம் என்பது அன்றைக்குத்தான் விளங்கிற்று.

மேலே நோக்கினோம். நுனிக் கொப்புகளில் இலை என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. நடுநரம்புகள் மாத்திரம் நீட்டிக்கொண்டு நின்றன. தின்றவனை மட்டுங் காணோம். இரண்டு மூன்று நிமிடம் ஒரே கொப்பைப் பார்த்து நின்ற பின்னர், இலைக்காம்பென்று நாம் எண்ணியிருந்த ஒன்று மெல்ல நகர்ந்தது. எம் நடுவிரலளவு பருமன். 3 அங்குல நீளம். இலையின் பச்சை எதுவோ அதே பச்சை. பக்கங்களில் வெண்ணிறக் கோடு ஒன்றும், அதன் இருமருங்கும் சுண்ணாம்புப் பொட்டு வைத்தாற்போலச் சிறு புள்ளிகளும். பின்புறத்தில் மஞ்சள் நிறமான ஒரு சிறு கொம்பு. ஈர்க்கால் தொட்டோம். அவ்வளவுதான், தலையை உள்ளே இழுத்து முன்னுடம்பை ஊதிப் பெருக்கிக்கொண்டது. பெருக்கிய இடத்திலே நீல நிறத்தில் இரண்டு பெரிய கண்கள் திறந்தன. நாம் ஓரடி பின்வாங்கினோம். நேயர்கள் நகைத்தல் வேண்டா. அவை கண்கள் அல்ல, தோலிலுள்ள பொட்டுகளே என்பதைப் பின்னர் அறிந்துகொண்டோம். அறிந்த பின்னரும் பின்வாங்கியே வருகின்றோம்.

நந்தியாவட்டை ஒரு பெரிய மரமன்று. பூப்பறிக்க ஏணி வேண்டாத ஒரு செடிதான். எம்முடையது ஒற்றைப் பூ வகை. ஐந்து வெள்ளிதழ்கள் காற்றாடி போல ஒரு பக்கஞ் சாய்ந்து நிற்கும். கிணற்றுக்கட்டிலிருந்து ஏழெட்டு முழத் தூரத்தில் அன்னையார் அதனை நட்டது எமக்கு நடைபழகும் பருவத்தில் என்பர். நாடோறும் காலையில் அதில் ஒரு தட்டுப் பூ எடுத்துச் சுவாமி அறையில் வைத்த பின்னரே அவர் தேநீர் அருந்துவார். இது எமக்கு நினைவு தெரிந்த நாள் முதலாக நடந்து வருவது. இடையில் ஒருமுறைதான் நின்றது.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆம் நாள், வலிகாமத்து மக்கள் எல்லாரும் தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த இரவில் எமக்கு வயது பதினைந்து. நாவற்குழிப் பாலத்தைக் கடந்த கதையை இங்கே எழுதப்போவதில்லை. அதனை அறியாதார் இப்பக்கங்களைப் படிப்போருள் அரியர். மறு ஆண்டு திரும்பி வந்தபொழுது கூரையில் ஓடுகள் இல்லை. கிணற்றுக்கட்டின் ஒருபக்கம் சரிந்து நந்தியாவட்டையின் மேல் விழுந்திருந்தது. தந்தையார் வீட்டுக்குள்ளே போய்விட்டார். அன்னையார் போகவில்லை. கல்லுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி அப்புறப்படுத்தினார். முறிந்த அடிக்கட்டையில் நான்கு தளிர்கள் விரலளவுக்கு நின்றன. கட்டுடைந்த கிணற்றிலிருந்து ஒரு வாளி நீர் அள்ளி அதற்கு வார்த்துவிட்டுத்தான் அவர் வீட்டுப்படியில் ஏறினார். இன்று தந்தையார் இல்லை. அன்னையாருக்கு வயது எழுபத்தெட்டு. செடி நிற்கிறது.

ஆகவே மொட்டையாய்ப் போய்க்கொண்டிருந்த அந்தச் செடியைக் கண்டதும் எமக்கு வந்த சினம் சிறிதன்று. கந்தசஷ்டி விரதம் தொடங்குவதற்கு எட்டு நாட்களே இருந்தன. ஆறு நாளும் அவருக்குப் பூ வேண்டும்.

கல்லூரியில் ஆசிரியர் ஓய்வறையிலே இச்செய்தியை நாம் சொன்னது ஒரு பிழை. அங்கே அறிவுரைக்கு ஒருபோதும் பஞ்சமில்லை. சைவசமயம் கற்பிக்கும் நண்பர், புழுவும் ஒரு பிறவியே என்று தொடங்கினார். அவர் வீட்டில் கறையானுக்கு மருந்தடித்த கதையை இன்னொருவர் நினைவூட்டினார். கணித ஆசிரியர் அடுப்புச் சாம்பலைத் தூவச் சொன்னார். விவசாயம் கற்பிப்பவர் வேப்பெண்ணெயே போதும் என்றார்: ஒரு லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், எண்ணெய் நீரோடு கலக்கச் சிறிது சவர்க்காரக் கரைசல், மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளித்தல். வேம்பிலுள்ள சத்துப் புழுவுக்கு இலையை வெறுக்கச் செய்யும். தோலுரித்து வளர்வதையுந் தடுக்கும். ஆனால் சிறு புழுவுக்கே அது நன்றாய்ப் பலிக்கும் என்றும், எமது புழு விரலளவு வளர்ந்துவிட்டதென்றால் காலம் பிந்திவிட்டது என்றும் கூறினார்.

உயிரியல் ஆசிரியர் ஒருவரே புழுவின் வரலாற்றைச் சொன்னார். நாம் தமிழ் கற்பிப்பவர். இவ்விடயத்தில் அவருக்கு மாணவர். இது மயிர்க்கொட்டி இனமன்று. தொட்டால் கடியுமில்லை, சொறியுமில்லை. அலரி, நந்தியாவட்டை, பட்டிப்பூ ஆகிய செடிகளில் வளர்ந்து, பெரியதோர் அந்துப்பூச்சியாக மாறுவது. ஆங்கிலத்தார் இதன் பறவை வேகத்தைக் கண்டு பருந்தின் பெயரால் அழைப்பர். 1758 இல் லினேயசு இதற்குப் பெயரிட்டபோது அலரியின் பெயரையே சேர்த்து வைத்தார். ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் வாழ்ந்து, கோடைக்காலத்தில் ஐரோப்பா வரையும் பறந்து செல்வது. ஆடும் மாடும் ஒதுக்கிவிடுகின்ற அலரியின் நஞ்சு இதற்கு அன்றாட உணவு. இவற்றையெல்லாம் அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். எமக்கோ மகிழ்ச்சி இல்லை. கொல்வது எப்படி என்று கேட்டோம். "கையாற் பிடித்து எடுங்கள்" என்றார். இவ்வளவு படித்தவர் வேறொன்றுஞ் சொல்லமாட்டாரா என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

பக்கத்து வளவுக்கு அப்பால் வெங்காயமும் மிளகாயும் செய்கின்ற ஓர் அண்ணை இருக்கிறார். நல்ல மனிதர். வேலிக்கு மேலாலே எம் முகத்தைப் பார்த்தே துன்பத்தை அறிந்துகொண்டார். உள்ளே சென்று, கடதாசியிற் சுற்றிய ஒரு போத்தலைக் கொண்டுவந்தார். 2021 ஆம் ஆண்டில் இரசாயன உரமும் கிருமிநாசினியும் நாட்டுக்குள் வராது தடுக்கப்பட்டபொழுது எங்கெங்கோ தேடி வாங்கிப் பத்திரப்படுத்தியது அது. பொன்னைக் கொடுப்பவர் போலக் கொடுத்தார்.

"மாஸ்ரர், அரை மூடி காணும். ஒரு வாளி தண்ணியிலை கலந்து அடியுங்கோ. பின்னேரத்துக்கிடையிலை ஒண்டும் மிஞ்சாது."

போத்தலின் மேலிருந்த எழுத்துகள் எண்ணெய் பட்டு அழிந்துவிட்டன. எந்த எழுத்தையும் வாசியாது விடாத நாம், அன்று வாசிக்கக் கூடியதாக எதுவும் இல்லையே என்று கவலைப்படவில்லை. சனிக்கிழமை பிற்பகல், அன்னையார் கோயிலுக்குப் போயிருந்த வேளையில், அவரிடமே தெளிகருவியையும் இரவல் வாங்கி முழுச்செடியும் நனையுமாறு அடித்தோம். அரை மூடி என்றது ஒரு மூடியாயிற்று. வாளியின் அடியில் மிஞ்சியதை எங்கே ஊற்றுவது? செடியின் அடியிலேயே ஊற்றினோம்.

தோட்டக்கார அண்ணையின் வாக்குப் பொய்க்கவில்லை. ஐந்து மணிக்குள் பதினொரு புழுக்கள் நிலத்தில் விழுந்து நெளிந்தன. கொல்வதென்று துணிந்தவர் அதனைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, நாம் நின்றோம். புலுனிக் கூட்டம் ஒன்று வழமைபோல் வேலியிலிருந்து இறங்கிற்று. இவை தின்றாலென்ன ஆகும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. ஈர்க்குமாற்றை எடுத்துக்கொண்டு பறவைகளைத் துரத்தினோம். புழுக்களைக் கூட்டி அள்ளிப் புதைத்தோம். இருட்டியதும் மழை பிடித்தது. ஐப்பசி மழை, விடியும்வரை விடவில்லை.

மறுநாட் காலை அன்னையார் பூத்தட்டோடு செடியடிக்குச் சென்றவர் வெறுந்தட்டோடு திரும்பினார். மணம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எம் மனைவி கிணற்றில் வாளியை விட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இந்தக் கிணத்திலை இண்டைக்கு ஒருதரும் அள்ளப்படாது."

நாம் விறாந்தையிலிருந்து எழுந்து சென்றோம். விரதம் வருகிற நாளிலே உயிர்களைக் கொன்றதற்காகச் சினக்கிறார் என்று நினைத்து, அதற்கான மறுமொழியையும் ஆயத்தஞ் செய்துகொண்டே போனோம். முருங்கை மரத்தில் மயிர்க்கொட்டி கூட்டமாய் ஒட்டிக்கிடக்கும் இரவுகளில் தென்னோலைச் சூள் கொளுத்தி எம் கையிலே தந்தவர் அவர்தாமே! அவை பொரிந்து விழுகின்ற ஓசை இன்னும் எம் செவியில் இருக்கிறது. இதனைச் சொன்னோம். அவர் முழுவதையுங் கேட்டார்.

"புழுவைக் கொண்டதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. சூள் நெருப்பு எரிஞ்சு முடிஞ்சால் போச்சு. நீ கிணத்தடியிலை நஞ்சை ஊத்திப்போட்டாய், தம்பி. ராத்திரி முழுக்க மழை. அது எங்கை போயிருக்கும்?"

எமக்கு விடை தெரியும். எத்தனை ஆண்டுகள் மாணவருக்குக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறோம்! யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மழைநீர் மெல்லிய மண்படையைக் கடந்து சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்கூடாக இறங்கித் தேங்குகிறது. அதனையே கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். தோட்டத்து உரம் நைத்திரேற்றாகக் கிணற்று நீரிற் சேர்ந்திருப்பதை ஆய்வாளர் பலகாலமாக அளந்து எழுதி வருகின்றனர். நிலத்தில் ஊற்றுவதெல்லாம் ஈற்றிலே வாளியில் வருமென்று மாணவர் எழுதியபோது சிவப்பு மையாற் சரி போட்ட கை இது. அந்தக் கைதான் வாளி மிச்சத்தையும் கவிழ்த்தது.

அன்னையார் மேலும் எதுவுஞ் சொல்லவில்லை. ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்தார். நான்காம் வீட்டுக் கிணறு எமது வீட்டிலிருந்து நூற்றைம்பது யார் தூரம். எழுபத்தெட்டு வயது அன்னை இடுப்பிற் குடத்தோடு வருகிறார்; நாற்பத்தைந்து வயது மைந்தன் அதனை வாங்க ஓடுகிறோம்; அவர் தரவில்லை. ஒழுங்கையிலே அன்று எத்தனை பேர் நின்றார்கள் என்பதை இன்றுஞ் சொல்ல எம்மால் முடியும்.

அன்று மாலையே இயந்திரம் வைத்துக் கிணற்றை இறைத்தோம். ஊற்று நீர் வந்து நிறைய, இரண்டு நாள் கழித்து மீண்டும் இறைத்தோம். நீரின் நிறம் மாறவில்லை; மணம் மாறவில்லை; நஞ்சு இறங்கிற்றா, மழையில் கரைந்து ஒன்றுமற்றுப் போயிற்றா என்று காட்ட எவ்வித அடையாளமுமில்லை. இறங்கியிராது என்றே உயிரியல் நண்பர் தேற்றினார். அடித்த அளவு சிறிது என்றார். ஆயினும், மகள் பள்ளிக்கூடத்தால் வந்து செம்பை வாயில் வைக்கும்போதெல்லாம் எமக்கு உள்ளே ஏதோ செய்தது. மூன்று கிழமை குடிநீரை நாமே சுமந்தோம். சஷ்டிக்குப் பூ ஒழுங்கையிலிருந்த நால்வர் வீடுகளிலிருந்து வந்தது. அன்னையார் அதற்கும் எம்மை நோவவில்லை. நொந்திருந்தால் இலகுவாயிருந்திருக்கும்.

இவ்வளவுக்கும், செடிக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. மழைக்குத் தளிர்த்தது. வேர் பிடித்து நெடுங்காலம் நின்ற செடி இலை முழுவதையும் இழந்தாலும் மீளத் தளிர்க்கும், இளங்கன்றே தாங்காது. சுவர் விழுந்தும் பட்டுப்போகாத ஒன்று பதினொரு புழுவுக்கா பட்டுப்போகும்? இதனை யோசிக்க நாம் ஓர் இரவு பொறுத்திருக்கலாம்.

தளிர் வந்த பத்தாம் நாளிலேயே புழுவும் வந்துவிட்டது. அந்துப்பூச்சி முட்டையிடத் தேடுவது தளிரைத்தான். நாம் மருந்தடித்ததை அது அறியாது. எங்கோ ஓர் அலரியிலிருந்து இரவிற் பறந்து வந்து, இலைக்கொன்றாக வெளிறிய பச்சை முட்டைகளை வைத்துவிட்டுப் போயிற்று.

இம்முறை கையாலே பிடிப்பதென்று முடிவாயிற்று. கையாலே என்றால் எம் கையாலே அன்று. அந்தக் கண்களுக்கு முன்னால் எமது விரல்கள் நீளவில்லை. "நீங்கள் லைற்றைப் பிடியுங்கோ, நான் எடுக்கிறன்" என்று மனைவி முன்வந்தார். மூன்று நாட்களில் எமக்கு ஒரு முறை கைவந்தது. முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். எச்சம் எங்கே புதிதாய்க் கிடக்கிறதோ அதற்கு நேர்மேலே உள்ள கொப்பிலே தேட வேண்டும். எச்சம் கடுகளவானால் சிறு புழு; அது இலையின் அடிப்புறத்தில் நடுநரம்பையொட்டிக் கிடக்கும். சிறு வயதில் கொம்பு மிக நீண்டு கறுப்பாய் இருக்கும். வளர வளரக் குறுகி மஞ்சளாகும். எச்சம் மிளகளவானால் பெரியது. பகலில் உட்கொப்புகளில் ஒளிந்திருக்கும். இருட்டிய பின் கைவிளக்கோடு போனால் நுனியில் அகப்படும். முட்டைகளை விரலால் துடைத்துவிடலாம். சிறியவற்றுக்குச் சவர்க்காரத் தண்ணீர் வாளி. தளிர்க்கும் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை வேப்பெண்ணெய். பூப்பறித்த பின், மழையில்லாத மாலையில். வேப்பெண்ணெய்க்கு அன்னையார் தடை சொல்லவில்லை. எஞ்சியவற்றைப் புலுனிகள் பார்த்துக்கொண்டன; செண்பகம் ஒன்றும் காலை வேளைகளில் வரத் தொடங்கிற்று.

புழுக்களை மட்டுமே தாக்கும் நுண்ணுயிர் மருந்து ஒன்றும் உண்டென்று உயிரியல் நண்பர் சொன்னார். 1901 இல் யப்பானிலே பட்டுப்புழுக்களைக் கொன்ற நோயை ஆராய்ந்த இஷிவத்தா கண்டது. பின்னர் 1911 இல் செருமனியின் துரிங்கியாப் பகுதியில் பெர்லினர் மாவுப்பூச்சியிற் கண்டு அப்பகுதியின் பெயரையே வைத்தது. பெருந்தோட்டம் வைத்திருப்போர்க்கு அது உதவும். ஒற்றைச் செடிக்கு மனைவியின் இரண்டு விரல்களே போதியனவாயிருந்தன.

பத்து வயதான எம் மகள் வாளிக்குப் போக இருந்த பெரிய புழுக்களுள் இரண்டைத் தனக்குத் தருமாறு கேட்டாள். பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் இரண்டங்குலத்துக்கு மண்ணும் அதன்மேல் காய்ந்த சருகும் இட்டு, மூடியில் துளையிட்டு, நாடோறும் இலை வைத்தாள். அவை இரவிலே தின்னும் ஓசை மேசையருகே இருந்து விடைத்தாள் திருத்திய எமக்குக் கேட்டது. கடதாசியை மெதுவாகக் கிழிப்பது போன்ற ஓசை. ஐந்தாம் நாள் ஒன்று பச்சை மாறிக் கருஞ்சிவப்பாயிற்று. நோய் என்று மகள் அழுதாள். நாமும் அவ்வாறே நினைத்தோம். அடுத்த நாள் அது சருகுக்குள் புகுந்து, சில நூல்களாலே சருகை இழுத்து மூடிக்கொண்டு கூட்டுப்புழுவாயிற்று. மற்றது வெளிறி இறந்துவிட்டது. அதன் உடம்பிலிருந்து சிறு ஈக்கள் வெளிவந்தன. புழுவுக்குள்ளே முட்டையிட்டு வளர்கின்ற அவ்வினமும் தோட்டத்தின் காவற்காரருள் ஒன்று. மருந்தடித்தால் முதலில் மடிவது இவைதாம் என்று நண்பர் விளக்கினார்.

பன்னிரண்டு நாட்கள் கழித்து, மாலை விளக்கேற்றும் வேளையில், போத்தலுக்குள்ளே அந்துப்பூச்சி இருந்தது. பாசி படர்ந்த பழைய கோயிற் கற்சுவரை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அதன் பச்சையும் வெள்ளையும் இடையிடையே மங்கிய செம்மையும் அதன் சிறகில் இருந்தன. விரித்தபோது 4 அங்குலம். மகள் போத்தலைத் தூக்கிக்கொண்டு அப்பம்மாவிடம் ஓடினாள். அன்னையார் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து அணிந்து நெடுநேரம் பார்த்தார்.

"வடிவுதான். ஆனால் திறந்துவிட்டியெண்டால், மோளே, நாளைக்கு உன்ரை பூமரத்திலைதான் வந்து முட்டை போடும்."

"அப்ப விடவேண்டாமோ, அப்பம்மா?"

"விடு. கிழக்குப் பக்கத்துக் கொப்பை அதுக்குக் குடுப்பம். மற்றக் கொப்புகளிலை இருக்கிறதை எடு."

மூடியைத் திறந்தாள். சிறகுகள் சில நிமிடம் நடுங்கிக்கொண்டிருந்தன. பின்னர் அது எழுந்து, கிணற்றுக்கட்டுக்கு மேலாக, வேலிக்கு அப்பால், தோட்டக்கார அண்ணையின் மிளகாய்ப் பாத்திப் பக்கமாய் இருளில் மறைந்தது. எமக்கு ஒரு கணம் அங்கே போகாதே என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

அவருடைய போத்தலைத் துணியிற் சுற்றி மறுநாளே திருப்பிக் கொடுத்தோம். நடந்ததையும் சொன்னோம். அவர் தமது கிணற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்னர், அவருக்கு இருக்கும் கடனைப் பற்றியும் கடந்த போகத்தில் வெங்காயத்தில் வந்த நோயைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். மாதச் சம்பளம் வாங்கும் நாம், ஒரு பூச்செடியைக் காத்த முறையை அவருக்கு எடுத்துச் சொல்வது அழகாயில்லை, சொல்லாது வந்துவிட்டோம்.

மகள் ஒரு கொப்பியிலே கணக்கு வைக்கிறாள். மார்கழியில் முப்பத்தொன்று, தையில் ஒன்பது, மாசியில் இரண்டு. கிழக்குக் கொப்புக்குக் கணக்கில்லை. அது பாதிநாள் மொட்டையாகவே நிற்கிறது. இந்த ஆண்டும் முதல் மழை விழுந்துவிட்டது. இன்று காலை முற்றங் கூட்டிக்கொண்டிருந்த அன்னையார் ஈர்க்குமாற்றை ஊன்றிக்கொண்டு அழைத்தார். எம்மையன்று, பேத்தியை.

"பிள்ளை, மிளகு கிடக்குது. வாளியைக் கொண்டு வா."